சோப்பு டிராயரில் கறுப்புப் பூஞ்சை: ஏற்காட்டுத் தங்கும் வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஏற்காட்டில் ஏரியிலிருந்து சற்றுத் தள்ளி, காப்பித் தோட்டத்தை ஒட்டி, நான்கு அறைகள் கொண்ட ஒரு தங்கும் வீடு. நடத்துகிறவர்கள் சேலத்துக் குடும்பம். மேலே குடியேறியபோது சேலம் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷினையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுத் துணியோடு, விருந்தினர் அறைகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாமே அந்த ஒரே மெஷினில்தான். சனி, ஞாயிறு முடிந்த மறுநாள் அது காலையிலிருந்து இருட்டும் வரை ஓடும்.

புகார் இரண்டு. துவைத்து எடுத்த வெள்ளைத் துண்டுகளில் அங்கங்கே மெல்லிய கறுப்புத் துகள்கள் ஒட்டியிருந்தன. விரிப்புகளில் ஒரு மக்கல் வாடை. தங்க வந்த ஒருவர் முகம் துடைத்த துண்டைக் கொண்டுவந்து காட்டியபோதுதான் வீட்டை நடத்தும் அக்கா சேலத்தில் மெஷின் சர்வீஸ் பார்க்கும் என்னைக் கூப்பிட்டார். "ஏந்தம்பி, இதைக் கொடுத்துட்டுப் புதுசு வாங்கிடலாமா?" என்றுதான் பேச்சையே தொடங்கினார்.

புதிய மெஷின் வாங்கியிருந்தால் சில மாதங்கள் நன்றாக இருந்திருக்கும். பிறகு அதிலும் இதே கறுப்பு வந்திருக்கும். பூஞ்சைக்கான காரணங்களில் பெரும்பாலானவை மெஷினுக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டியிலும் சோப்பு அளக்கும் கரண்டியிலும் தரையின் சாய்விலும் இருந்தன. டிராயரைத் தேய்த்துக் கழுவுவது எல்லோருக்கும் தெரியும். கழுவிய டிராயரில் ஏன் திரும்பத் திரும்பப் பூஞ்சை பிடிக்கிறது என்பதை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. இந்த நிகழ்வை விரிவாக எழுதுவது அதற்காகத்தான்.

முன்பே செய்து பார்த்தவை

முதலில் தண்ணீரைச் சந்தேகித்திருக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீரில் இலைச் சக்கை வருகிறது என்று நினைத்து, தொட்டியைக் கழுவியிருக்கிறார்கள். அடுத்து டிரம் துருப்பிடித்துவிட்டது என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கடையில் டிரம் கிளீனர் வாங்கிப் போட்டு, வெறும் மெஷினை ஓட்டியிருக்கிறார்கள். ஒன்றிரண்டு வாரம் துகள் குறைந்து, திரும்ப வந்திருக்கிறது. சோப்புத் தூளை மாற்றினார்கள். வாடை போகட்டும் என்று கண்டிஷனரை அதிகமாக ஊற்றினார்கள். ஒருமுறை வெள்ளை ஃபினாயிலையும் டிராயரில் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள்.

இவற்றில் கண்டிஷனரை அதிகப்படுத்தியதுதான் நிலைமையை நேரடியாக மோசமாக்கியது. ஏன் என்பது கீழே வரும். ஃபினாயில் வாடையை மூடியதே தவிர, ஒட்டியிருந்த படலத்தை அசைக்கவில்லை. துணியில் ஃபினாயில் வாடை மிச்சமாகி, அதைப் போக்க இன்னும் இரண்டு முறை அலச வேண்டியிருந்தது என்றார் அக்கா.

துகள் எங்கிருந்து வருகிறது

துணியே போடாமல், ஒரு புதிய வெள்ளைக் கைக்குட்டையை மட்டும் டிரம்மில் போட்டு அலசல் சுற்றை ஓட்டினோம். கைக்குட்டையில் துகள்கள் வந்தன. ஆக, அழுக்குத் துணியிலிருந்து வருவதில்லை. பிறகு இன்லெட் ஓஸைக் கழற்றி, குழாய்த் தண்ணீரை இன்னொரு வெள்ளைத் துணி வழியாக வாளியில் பிடித்தோம். கொஞ்சம் செம்மண் தங்கியது, கறுப்பு எதுவும் இல்லை. தண்ணீரும் தப்பித்தது.

அடுத்து அந்தத் துகளையே விரலில் வைத்துத் தேய்த்தேன். இதை யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம். துருவாக இருந்தால் சொரசொரவென்று நெருடும், பழுப்பு நிறம் விடும். உப்புப் படிவாக இருந்தால் வெளுத்த சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருக்கும், ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் பெரும்பாலும் நுரைக்கும். இங்கே துகள் மெத்தென்று நசுங்கி, மை தடவியதுபோல் வழவழப்பாகப் பரவியது. சோப்பு மிச்சமும் கண்டிஷனர் கொழுப்பும் சேர்ந்த பசையில் நுண்ணுயிர்கள் குடியேறி உண்டாக்கும் படலம்தான் இப்படி நசுங்கும். இப்படிப்பட்ட படலம் இருக்கும் இடங்கள் மெஷினில் சில உண்டு: கதவு ரப்பரின் மடிப்பு, டிரம்முக்கு வெளியே உள்ள பெரிய தொட்டியின் உட்புறம், வடிகால் ஃபில்டர், சோப்பு டிராயர். ரப்பர் மடிப்பில் கொஞ்சம் கறுப்பு இருந்தது. ஆனால் அது ரப்பருக்குள் ஊறிய கறை. துணியால் அழுத்தித் துடைத்தாலும் ஒட்டி வரவில்லை. வடிகால் ஃபில்டரில் ஒரு ஹேர்பின்னும் நூல் திரியும் மட்டும்.

டிராயரை வெளியே எடுத்ததும் விஷயம் தெரிந்துவிட்டது.

டிராயருக்குள்

பலர் டிராயரை இழுத்து, தூள் போட்டு, மூடிவிடுவார்கள். அது முழுதாகக் கழன்று வரும் என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. பெரும்பாலான மாடல்களில் கண்டிஷனர் அறையின் மேலோ அதன் பின்புறமோ ஒரு நாக்கு இருக்கும். அதை அழுத்திக்கொண்டே இழுத்தால் டிராயர் கையோடு வந்துவிடும். இந்த வீட்டில் மெஷின் வாங்கிய நாளிலிருந்து அது வெளியே வந்ததில்லை.

மூன்று அறைகள். ஒரு கோடு போட்டது முன்துவைப்புக்கு, இரண்டு கோடு போட்டது முக்கியத் துவைப்புக்கு, பூ முத்திரை உள்ளது கண்டிஷனருக்கு. முன்துவைப்பு அறை கிட்டத்தட்டச் சுத்தமாக இருந்தது, யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. இரண்டு கோட்டு அறையில், பின் மூலையில் சோப்புத் தூள் கட்டியாக இறுகிக் கிடந்தது. பூ அறையில் அரை அங்குலத்துக்கு நீல நிறத் தண்ணீர் தேங்கி நின்றது. அதன் மேல் போட்டிருக்கும் சின்ன மூடியைக் கழற்றினால், அடியில் சாம்பல் நிறத்தில் கெட்டிக் களிம்பு. விளிம்பில் இளஞ்சிவப்பாக ஒரு வழுவழுப்பு. அந்த இளஞ்சிவப்பு பெரும்பாலும் பாக்டீரியா அல்லது ஈஸ்ட் வகை. நாம் தேடும் கறுப்புப் பூஞ்சை அது இல்லை.

ஆனால் துண்டில் ஒட்டிய துகளின் ஊற்று டிராயரில் இல்லை. டிராயர் உள்ளே போய் உட்காரும் கூட்டின் கூரையில் இருந்தது. அங்கேதான் தண்ணீர் விழும் சின்னச் சின்னத் துளைகள் இருக்கின்றன. குனிந்தாலும் கண்ணுக்குத் தெரியாத இடம். செல்போனின் டார்ச்சைப் போட்டு, உள்ளே நீட்டி மேல்நோக்கிப் படம் எடுத்து அக்காவிடம் காட்டினேன். துளைகளைச் சுற்றிக் கறுப்புப் படலம் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை தண்ணீர் பீறிடும்போதும் அதிலிருந்து கொஞ்சம் பிய்ந்து நேராகத் துணிக்குள் போகிறது. கடைசி அலசலும் இதே கூரை வழியாக வருவதால், எவ்வளவு அலசினாலும் துகள் போகாது.

மெஷினுக்குள் பூஞ்சை இருப்பது வேறு நாடுகளில் ஆய்வுக்கூடத்திலும் பார்க்கப்பட்ட விஷயம். ஸ்லொவேனியா ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டு வாஷிங் மெஷின்களில் சோப்பு டிராயர், கதவு ரப்பர் போன்ற கைக்கு எட்டும் பகுதிகளில் ஃபியூசேரியம், கேண்டிடா வகைகளைக் கண்டிருக்கிறார்கள். 2011-இல் பாத்திரம் கழுவும் மெஷின்களின் ரப்பரில் எக்சோஃபியாலா என்ற கறுப்பு ஈஸ்ட் இருப்பது தெரியவந்தது. வெப்பத்தையும் சோப்பின் காரத்தையும் தாங்கும் இனம் அது. ஆரோக்கியமானவர்களுக்கு இவற்றால் பெரும்பாலும் தொல்லை வருவதில்லை. இளைப்பு உள்ளவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள், கைக்குழந்தைகள் உள்ள வீட்டில் அலட்சியம் கூடாது. யார் யாரோ வந்து தங்கிப் போகும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும் என்பது என் கருத்து. அந்தத் துண்டில் முகம் துடைக்கப்போவது யார், அவருக்கு என்ன உடம்பு என்பது நமக்குத் தெரியாது.

இந்த வீட்டில் ஏன்

முதல் காரணம் தண்ணீரின் வேகம். வீட்டின் மேல்தொட்டி, மெஷின் இருக்கும் பின்கட்டின் ஓட்டுக் கூரைக்குச் சமமான ஒரு மேடையில் இருந்தது. டிராயருக்கும் தொட்டித் தண்ணீருக்கும் உயர வித்தியாசம் ஒன்றரை மீட்டர்தான். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும் என்பது கணக்கு. அப்படியானால் இங்கே கிடைப்பது 0.15 பார். அந்த மாடலின் கையேடு கேட்பது குறைந்தபட்சம் 0.3 பார், 1 பார் வரை கேட்கிற மாடல்களும் உண்டு. சேலத்தில் இவர்கள் குடியிருந்தது மாடி வீட்டின் கீழ்த்தளம். தொட்டி இரண்டு மாடிக்கு மேலே. அங்கே இந்தப் பிரச்சினை எழவே இல்லை.

இதோடு, மெஷினுக்குள் தண்ணீர் விடும் வால்வின் வாயில் இருக்கும் சல்லடையில் செம்மண் அடைத்திருந்தது. சேர்வராயன் மலை பாக்சைட் வெட்டியெடுத்த மலை, மண்ணே சிவப்பு. மழைக்காலத்தில் கிணற்றுத் தண்ணீர் கலங்கலாகத்தான் ஏறும். அவ்வப்போது மெஷின் தண்ணீர் வரவில்லை என்று எரர் காட்டி நின்றதையும், மறுபடி பட்டனை அழுத்தினால் ஓடியதையும் அக்கா அப்போதுதான் நினைவுகூர்ந்தார். அதுவே முதல் எச்சரிக்கை.

வேகம் குறைந்தால் என்ன ஆகும்? கூரைத் துளைகளிலிருந்து பீறிட வேண்டிய தண்ணீர் சொட்டு சொட்டாக வழிகிறது. தூள் முழுதும் அடித்துச் செல்லப்படாமல் மூலையில் தங்குகிறது. பூ அறையில் விளைவு இன்னும் மோசம். அந்த அறை காலியாவது சைஃபன் முறையில். நடுவில் நிற்கும் சிறு குழலின் மேல் ஒரு மூடி கவிழ்ந்திருக்கும். தண்ணீர் சடாரென்று ஏறிக் குழலின் உச்சியைத் தாண்டினால், பேரலிலிருந்து டீசலை டியூப் போட்டு உறிஞ்சிவிட்டால் எப்படித் தானாக இறங்குமோ அப்படி முழு அறையும் ஒரே இழுப்பில் காலியாகும். மெதுவாக வழிந்தால் இந்த இழுப்பு பிடிக்காது. குழலின் விளிம்பைத் தாண்டியது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வடிய, மீதி அப்படியே நிற்கும். சரியாக வேலை செய்யும் சைஃபனிலும் ஓரிரு கரண்டித் தண்ணீர் தங்கத்தான் செய்யும். இங்கே அரை அங்குலம் நின்றது.

இரண்டாவது காரணம் கண்டிஷனர். துணி மிருதுவாக இருக்கக் கண்டிஷனரில் சேர்க்கப்படும் பொருட்கள் கொழுப்பு அமிலங்களிலிருந்து செய்யப்படுகின்றன. பூஞ்சைக்கு அது நல்ல தீனி. போதாததற்கு, கண்டிஷனரின் மூலக்கூறு நேர்மின்சுமை கொண்டது, சோப்புத் தூளில் உள்ள முக்கியப் பொருள் எதிர்மின்சுமை கொண்டது. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கரையாத பிசினாகிவிடும். அறையில் போட்டிருக்கும் உச்சக் கோட்டைத் தாண்டி ஊற்றினால், ஊற்றிய உடனேயே சைஃபன் கிளம்பி, கண்டிஷனர் சோப்போடு முதல் துவைப்பிலேயே கலந்துவிடும். வாடைக்குப் பயந்து கோட்டைத் தாண்டி ஊற்றியதால் நடந்தது இதுதான். மூடியின் அடியில் பார்த்த சாம்பல் களிம்பு அந்தப் பிசின்.

மூன்றாவது, சோப்பின் அளவு. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் சேலத்திலிருந்து மேலே போகும் எல்லோருக்கும் இது பொருந்தலாம். சேலத்தில் பல பகுதிகளில் போர்வெல் தண்ணீர் கடினம். நகரத்தை ஒட்டியே மேக்னசைட் வெட்டும் வெள்ளைக்கல் குன்றுகள் இருக்கின்றன. கால்சியமும் மேக்னீசியமும் அதிகமுள்ள தண்ணீரில் சோப்பு நுரைக்காது, இரண்டு பங்கு போட்டால்தான் துணி வெளுக்கும். அக்காவின் கை அந்த அளவுக்குப் பழகியிருந்தது. ஏற்காட்டில் அவர்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் குளியல் சோப்பை இரண்டு தேய் தேய்த்தாலே நுரை பொங்குகிறது. மென்மையான தண்ணீர். அதில் சேலத்து அளவு சோப்பைப் போட்டால் பாதி கரைந்து போகாமல் எங்கேயாவது படிந்துதான் ஆக வேண்டும். டிசம்பர் காலையில் குழாய்த் தண்ணீர் கையை விறைக்க வைக்கும் ஊரில், குளிர்நீர்ச் சுற்றில் தூள் கரைவது இன்னும் மந்தம்.

நான்காவது, தரை. ரசமட்டம் வைத்துப் பார்த்ததில் மெஷின் முன்பக்கம் இடப்புறமாகச் சாய்ந்திருந்தது. டிராயர் இருப்பதும் அதே மூலை. தேங்கிய தண்ணீர் பின்னால் இருக்கும் கூட்டின் வடிகாலுக்குப் போகாமல் முன்னால் வந்து நின்றது.

ஐப்பசி, கார்த்திகை மூடுபனியில் கதவு அடைத்த பின்கட்டு, துவைத்து முடிந்ததும் இறுக்கி மூடும் டிராயர், எப்போதும் குளிர்நீர் அல்லது 30 டிகிரிச் சுற்று. இவை மூன்றும் மேலே சொன்னவற்றுக்குத் துணை போயின.

சுத்தம் செய்த விதம்

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்ணீர்க் குழாயை அடைத்தோம். ஜன்னலைத் திறந்து, ரப்பர் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டோம். கூரையைத் தேய்க்கும்போது கண்ணாடியும் அணிவது நல்லது, சொட்டுவது நேராகக் கண்ணுக்குத்தான் வரும். காய்ந்த பூஞ்சையை உலர்ந்த பிரஷ்ஷால் சுரண்டக் கூடாது. வித்துகள் காற்றில் பறக்கும். முதலில் நனைத்துவிட வேண்டும்.

டிராயரையும் சைஃபன் மூடியையும் ஒரு பேசினில் வெந்நீர் விட்டு ஊறப் போட்டோம். கொதிக்கக் கொதிக்க ஊற்றலாமா என்று அக்கா கேட்டார். வேண்டாம். ஏற்காடு கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் மேலே இருப்பதால் அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனாலும் அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் வளைந்தால் டிராயர் திரும்பக் கூட்டுக்குள் சரியாக உட்காராது. 50, 60 டிகிரி போதும், அதாவது கையை உள்ளே வைத்திருக்க முடியாத சூடு. அதில் சோடியம் பெர்கார்பனேட் என்ற ஆக்சிஜன் ப்ளீச்சை லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி கலந்தோம். கறை நீக்கித் தூள் என்று விற்பவற்றில் பல இந்தப் பொருளைக் கொண்டவை, பாக்கெட்டில் பெயர் பார்த்து வாங்கலாம். வெந்நீரில் அது ஹைட்ரஜன் பெராக்சைடையும் சலவைச் சோடாவையும் வெளிவிடும். முதலாவது பூஞ்சையைக் கொல்லும், இரண்டாவது கொழுப்புக் களிம்பை இளக்கும். இரண்டும் வேண்டியிருந்த இடம் இது. கரைத்ததை மூடி போட்ட பாட்டிலில் எடுத்து வைக்கக் கூடாது, வாயு உண்டாகிப் பாட்டில் வெடிக்கும்.

ஒரு மணி நேரம் கழித்துக் களிம்பு விரல் நகத்துக்கே வந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் மூலைகளையும், குழந்தைகளின் பால் பாட்டில் கழுவும் மெல்லிய பிரஷ்ஷால் சைஃபன் குழலையும் தேய்த்தோம். டிராயரின் அடிப்பக்க வரிப்பள்ளங்களுக்குள் எந்த பிரஷ்ஷும் போகவில்லை. ஈர்க்குச்சியின் நுனியில் துணியைச் சுற்றி விட்டதில் அங்கிருந்து வந்த கறுப்பே ஒரு கை அளவு.

கூடுதான் கடினம். டூத் பிரஷ்ஷின் கழுத்தை மெழுகுவர்த்தியில் லேசாகக் காட்டி மேல்நோக்கி வளைத்துக்கொண்டு, பெர்கார்பனேட் வெந்நீரில் தோய்த்துத் தோய்த்துக் கூரையையும் துளைகளையும் தேய்த்தோம். உதிர்வது உள்ளே போகாமல் அடியில் ஒரு பழைய துணியைப் பரப்பினோம். தேய்த்துத் தேய்த்துப் படம் எடுத்துப் பார்த்தோம். வழவழப்பு முழுதும் போன பிறகும் இரண்டு மூலைகளில் கறுப்பு நின்றது. அங்கே மட்டும் கடையில் கிடைக்கும் திரவ ப்ளீச்சை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்துப் பிழிந்து ஒற்றி, பத்து நிமிடம் விட்டுத் துடைத்தோம். மேலே பீய்ச்சி அடிக்கக் கூடாது. டிராயருக்குப் பக்கத்தில்தான் கண்ட்ரோல் போர்டு இருக்கிறது. ஊர்ப்பக்கம் கிடைக்கும் பிளீச்சிங் பவுடரை இங்கே நான் பயன்படுத்துவதில்லை, கரையாத சுண்ணாம்பு வண்டல் துளைகளில் போய் உட்காரும்.

அந்தப் பின்கட்டு அலமாரியில் திரவ ப்ளீச், வினிகர், பாத்ரூம் கழுவும் ஆசிட் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ப்ளீச்சோடு வினிகரோ எலுமிச்சை உப்போ (சிட்ரிக் ஆசிட்) ஆசிட்டோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய சிறு அறையில் அது மூச்சை அடைக்கும், நுரையீரலைப் புண்ணாக்கும். அம்மோனியா உள்ள கண்ணாடி கிளீனரோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான். "எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் ஊத்துனா நல்லா போகும்னு நினைச்சேன் தம்பி" என்றார் அக்கா. நிறைய வீடுகளில் இப்படித்தான் நினைக்கிறார்கள், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஒரே பொருள். வேறொன்று தேவையானால் இடையில் தாராளமாகத் தண்ணீர் விட்டு அலசிய பிறகுதான். ஆசிட் இருக்க வேண்டிய இடமே வேறு என்று பாத்ரூம் மாடத்துக்கு மாற்றிவிட்டார்.

எல்லாம் முடிந்து, டிராயரைப் பொருத்தி, வெறும் அலசல் ஒன்று ஓட்டி ப்ளீச்சை வெளியேற்றினோம். பிறகு டிரம்மில் பெர்கார்பனேட் போட்டு 90 டிகிரிச் சுற்று ஒன்று. வடிந்த தண்ணீர் காப்பி நிறத்தில் வந்தது. இன்னொரு அலசலுக்குப் பிறகு கைக்குட்டைச் சோதனையில் ஒரு துகளும் இல்லை.

காரணங்களுக்குச் செய்தது

அழுத்தத்துக்குப் பொதுவாக நான் சொல்வது ஒரு சின்ன பிரஷர் பம்ப். இங்கே மலைச் சரிவே கை கொடுத்தது. வீட்டுக்குப் பின்னால் காப்பிச் செடிகள் ஏறிப்போகும் கல்கட்டு அடுக்குகளில், ஆறு மீட்டர் உயரத்தில் ஒரு பழைய சிமெண்ட் மேடை சும்மா கிடந்தது. அதில் 500 லிட்டர் தொட்டி ஒன்றை வைத்து, மெஷினுக்கென்று தனியாக ஒரு அங்குலக் குழாய் இழுத்தார்கள். அரை அங்குலக் குழாயாக இருந்தால் அவ்வளவு தூரத்தில் உராய்விலேயே பாதி அழுத்தம் போய்விடும். இப்போது 0.6 பாருக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கிறது, மின்செலவு கிடையாது. கிணற்று மோட்டார் அந்த உயரத்துக்கும் ஏற்றக்கூடியதாக இருந்தது நல்லதாயிற்று. தொட்டியின் வெளிவாயில் ஒரு ஃபில்டரும் வைத்தார்கள், செம்மண் அங்கேயே நின்றுவிடும்.

மெஷினின் கால்களைத் திருகி ரசமட்டத்துக்குக் கொண்டுவந்தோம். சோப்பை அக்கா போட்டுவந்த அளவில் பாதியாகக் குறைத்து, அலசல் தண்ணீரில் நுரை நிற்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். நிற்கவில்லை, துணியும் வெளுத்தது. பாதி அளவே நிரந்தரமாயிற்று. கண்டிஷனரை முழுதாக நிறுத்த அக்காவுக்கு மனமில்லை, துண்டு சொரசொரப்பாக இருக்கும் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் கண்டிஷனர் தண்ணீரை உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும் என்பதால் துண்டுகளுக்கு வேண்டாம், விரிப்புகளுக்கு மட்டும், கோட்டுக்குக் கீழே, சம அளவு தண்ணீர் கலந்து என்று ஒப்புக்கொண்டோம். விரிப்பும் துண்டும் இனி 60 டிகிரியில். துவைத்து முடிந்ததும் டிராயரை இழுத்துத் திறந்தே வைப்பது, கதவை ஒரு விரற்கடை திறந்து வைப்பது. சின்னப் பிள்ளைகள் வந்து தங்கும் வீடு என்பதால் பின்கட்டுக் கதவுக்கு மட்டும் தாழ்ப்பாள் போட்டார்கள், பிள்ளைகள் டிரம்முக்குள் ஏறி விளையாடுவது உண்டு. வாரம் ஒருமுறை டிராயரைக் கழற்றிக் குழாயடியில் காட்டி, வெயிலில் காய வைப்பது அவர் மகனின் வேலையாயிற்று.

கீழே சேலத்தில் இதே புகார் வரும்போது

சேலத்து டிராயர்களிலும் பூஞ்சை உண்டு, ஆனால் அதன் மேல் வெள்ளை ஓடு ஒன்று மூடியிருக்கும். கடினத் தண்ணீரின் உப்புப் படிவு அது. அதன் நுண்துளைகளில் பூஞ்சை ஒளிந்துகொள்வதால், நேராக ப்ளீச் போட்டால் மேலே வெளுக்கும், உள்ளே அப்படியே இருக்கும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி கரைத்து அரை மணி ஊற வைத்தால் ஓடு இளகும். நன்றாக அலசி, முடிந்தால் மறுநாள், பெர்கார்பனேட். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்றும், வேறு வழி இல்லாதபோது 600 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. போர்வெல் தண்ணீரைச் சோதித்துப் பார்த்து 600-ஐ நெருங்கினால், டிராயரை மாதம் ஒருமுறை எலுமிச்சை உப்பில் போடுவதே நல்லது. மேட்டூர்த் தண்ணீரில் துவைக்கும் வீடுகளில் இந்த ஓடு இவ்வளவு சீக்கிரம் கட்டுவதை நான் பார்ப்பதில்லை.

மீதமிருந்த வாடை

மறுபடி மேலே போனபோது துகள் புகார் முற்றிலும் நின்றிருந்தது. கூட்டின் கூரையைப் படம் எடுத்துப் பார்த்தோம். ஒரு மூலையில் மட்டும் மங்கலான கறுப்பு. ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தால் துணியில் ஏறவில்லை, வழவழப்பும் இல்லை. பிளாஸ்டிக்கில் ஊறிய கறை அது. உயிருள்ள படலம் என்றால் துணியில் ஒட்டும். கதவு ரப்பர் கறையும் அப்படியே இருக்கிறது. அதற்காக ரப்பரை மாற்றச் சொல்ல மாட்டேன்.

வாடை மட்டும் பாதிதான் போயிருந்தது. மெஷினிலிருந்து அப்போதுதான் எடுத்த விரிப்பை முகர்ந்தோம், வாடை இல்லை. அலமாரியில் மடித்து வைத்திருந்ததை முகர்ந்தோம், இருந்தது. மூடுபனி நாட்களில் கொடியில் போட்ட விரிப்பு மாலை வரை கிடந்தாலும் முழுதாகக் காய்வதில்லை. தொட்டால் குளிர்ச்சிதானா ஈரமா என்று தெரியாமல் மடித்து அடுக்கியிருக்கிறார்கள். அந்த வாடை மெஷினில் பிறந்ததில்லை, அலமாரியில் பிறந்தது. பிழிதல் வேகத்தை நிமிடத்துக்கு 800 சுற்றிலிருந்து 1200-க்கு ஏற்றிக் கொடுத்தேன். மடிக்கும் முன் ஓர் இரவு சமையலறைக்கு மேலே உள்ள பரணில், அடுப்புச் சூடு படும் இடத்தில் விரித்துப் போடுவதாக அக்கா முடிவு செய்தார். அலமாரியில் இருந்த விரிப்புகள் எல்லாவற்றையும் 60 டிகிரியில் ஒரு சுற்று மறுபடி போட்டு, அலமாரியின் பின்பலகையில் காற்றுக்குத் துளை போடத் தச்சரை வரச் சொல்லியிருக்கிறார்கள்.